வலது பக்கத்துச் சிவப்பு

வாய் கூசவில்லையே இந்த மனுஷனுக்கு என்று கலாமணி நினைத்தாள். லாட்ஜில் பல் விளக்கும்போதும் இதையேதான் நினைத்தாள், ஜீப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு வந்தபோதும் இதையேதான் நினைத்தாள், இப்போது ஊசிக்கல் முனையின் இருட்டில் ஃப்ளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும்போதும் அதே நினைப்புதான், வேறொன்று வரமாட்டேன் என்கிறது. கொஞ்சம் தள்ளி அவள் புருஷன் தண்டபாணி, நெற்றியில் கட்டிய விளக்கோடு, குல்லாயும் கையுறையுமாக வந்திருந்த மாணவர்களைச் சுற்றி நிறுத்திவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மாணவர்கள் என்றால் சின்னப் பிள்ளைகள் இல்லை. பல் டாக்டர், மில் மேனேஜர், பேங்கில் ரிட்டையர் ஆனவர் என்று எல்லாரும் கழுத்தில் கனத்த கேமராவைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மலையில் விடியலைப் படம் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளக் கோயமுத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கோத்தகிரிக்கு மேலே ஏறி வந்தவர்கள். "இதே எடந்தானுங்க. மூணு நாள் வந்தேன். மொத நாள் ஒரே மூட்டம். ரெண்டாம் நாள் மழை. மூணாம் நாள் கூட வந்தவங்கெல்லாம் போங்கடான்னு போயிட்டாங்க, நான் மட்டும் நின்னேன். அப்பத்தான் வானம் தொறந்துச்சு. செவப்புன்னா செவப்பு, அப்பிடியொரு செவப்பு. ஒரே ஒரு கிளிக்." யாரோ உச்சுக் கொட்டினார்கள். மூணு நாளாம். மழையாம். ஒரே நாள்தான் வந்தார், அதுவும் ஜீப்பை அணைக்காமல் நிறுத்திவைத்துவிட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வடவள்ளியில் வீட்டுக்கு வந்து, இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். பரிமாறினவளுக்குத் தெரியாதா? சரி, நாளைத்தான் நீட்டினார், போகட்டும், ஆம்பளைகள் பிடித்த மீனையும் நீட்டுவார்கள். அந்தச் சிவப்பை எப்படிச் சொல்ல வருகிறது? அது இந்த மலையின் வானமே இல்லையே. வடவள்ளியில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில், ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், காயப்போட்ட துணியை எடுக்கப் போன கலாமணி, பழைய கேமராவில், சும்மா, மனசு கேட்காமல் எடுத்த வானம். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கையும் கொடிக் கயிற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு இந்த மலையின் தலையில் அவளே ஒட்டியது. விடியலாம் விடியல். சாயங்காலத்தைப் பார்த்து ஊரே விடியல் என்று கும்பிடுகிறது.

கும்பிடுவதற்கு அவர்தான் காரணமா, அவளும்தான். இதை நினைக்கும்போதெல்லாம் கோபம் ஒரு சுற்றுச் சுற்றிவந்து அவள் மேலேயே விழும், அதை எடுத்துத் திரும்ப அவர் மேலே வீசுவாள். கல்யாணமாகி வந்த வருஷமே ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள், அதன்முன் யாராவது உட்கார வேண்டியிருந்தது, அவள் உட்கார்ந்தாள், இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் மலைக்குப் போவார், வருவார், கேமராக் கார்டைக் கழற்றி டைனிங் டேபிளில் சாம்பார்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, "பாத்துச் சரி பண்ணிப்போடு கலா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். எதைச் சரி பண்ண? வானம் பூராவும் சுண்ணாம்பு அடித்தாற்போல இருக்கும். ஒரு மேகம், ஒரு கோடு, ஒரு நிறம் எதுவும் இருக்காது, கேமரா எதையும் பிடித்து வைத்திருந்தால்தானே இழுத்து வெளியே எடுக்க முடியும், ஒன்றுமே இல்லாத வெள்ளையில் எதை இழுக்க? ஒரு நாள் அவரை உட்காரவைத்து, இட்லி மாவுக் கையைத் துடைத்துவிட்டு, அவள்தான் சொன்னாள்: ஏனுங்க, கேமராவுக்கு நம்ம கண்ணு மாதிரி ரெண்டையும் ஒண்ணாப் பாக்கத் தெரியாதுங்க, வானத்துக்கு அளவெடுத்தா பள்ளத்தாக்கு கறுத்துப்போகும், பள்ளத்தாக்குக்கு அளவெடுத்தா வானம் வெளுத்துப்போகும், கறுத்ததைத் தூக்கிரலாம், வெளுத்ததை ஒண்ணும் பண்ண முடியாது, அதனால எப்பவும் வானத்துக்கே எடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன். தலையாட்டினார். அடுத்த கார்டிலும் சுண்ணாம்பு. கேமராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிந்தால் போதும் அவருக்கு, திருப்தி. வெளுத்துப்போன இடத்தைக் கேமராவே கறுப்பும் வெள்ளையுமாக மினுக்கி மினுக்கிக் காட்டுமே, அதைப் பார்க்கக்கூடாதா என்று கேட்டாள். அதையா, அது கண்ணுக்கு எரிச்சலா இருந்துச்சு, அணைச்சுப்போட்டேன் என்றார். எச்சரிக்கை கொடுக்கிற விளக்கு எரிச்சலாக இருக்கிறது என்று அணைத்துவைக்கிற ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்று அவளுக்கே இப்போது ஆச்சரியமாக இருந்தது. கண் எரிய எரிய உட்கார்ந்து, ஒரு பாறையின் நிழலை மயிரிழை மயிரிழையாகத் தூக்கி, தூக்கின இடத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளி புள்ளியாக விழாமல் தடவி, ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமல் வானத்தைப் பொருத்தி, எல்லாம் முடித்த பிறகு கீழ் மூலையில் 'தண்டபாணி' என்று பெயர் போடுவதும் அவள்தான். எழுத்தைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். வளைவு வளைவாக, பார்க்க அழகான எழுத்து. யாராவது கவிதை எழுதுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் அவர் வெளிச்சம், இவள் நிழல் என்று நாலு வரி எழுதி நீட்டுவார்கள். செருப்பால் அடிக்க வேண்டும். நிழலுக்கு முதுகு வலிக்குமா?

இதெல்லாம் பழைய கோபம், ஆறின சோறு, அதைத் தின்று அவளுக்குப் பழக்கம்தான். நேற்று ராத்திரி லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னதுதான் புதுசு. அந்தச் சிவப்பு வானப் படம் வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் கடைசிச் சுற்றுவரை வந்தது அவளுக்கு முன்னமே தெரியும். வந்த சந்தோஷத்தில் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தாகிவிட்டது. கடைசிச் சுற்றுக்கு வருகிற படங்களுக்கெல்லாம், கேமராவிலிருந்து கை படாமல் வந்த மூலக்கோப்பைக் கேட்பார்கள், ரா ஃபைல் என்பது, அது அந்தப் போட்டிகளில் வழக்கம். படம் நிஜமாகவே அப்படித்தான் எடுக்கப்பட்டதா என்று பார்ப்பதற்கு. இன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். மூலக்கோப்பில் மலை இருக்கிறது, பள்ளத்தாக்கு இருக்கிறது, மேலே சுண்ணாம்பு. அதை அனுப்பினால் அன்றைக்கே பேர் நாறிவிடும். அதற்குத்தான் சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்தபடி தண்டபாணி யோசனை சொன்னார்: "நாளைக்கு அதே எடத்துல அதே மாதிரி எடுத்துப்போடறேன். வானம் எப்பிடியும் செவக்கும். நீ ஃபைலுக்குள்ள தேதிய மட்டும் மாத்திரு. உன்னால முடியாததா?" உன்னால் முடியாததா! முடியும். அவளால் தேதியையும் மாற்ற முடியும், மேகத்தை நகர்த்தவும் முடியும், அவர் தலையில் இல்லாத முடியைக்கூடக் கல்யாண ஆல்பத்தில் வரைந்து கொடுத்திருக்கிறாள். செய்தால் போட்டிக்காரர்கள் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கண்டுபிடித்தால்? அப்போது யார் திருடி? கார்டில் கை வைத்தது யார், ஃபைலைத் திறந்தது யார்? இதுவரை செய்ததெல்லாம் அலங்காரம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள், மணப்பெண்ணுக்குப் பவுடர் போடுவதுபோல என்று. தேதியை மாற்றுவது பவுடர் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பக்கத்தில் அவர் நன்றாகத் தூங்கினார், வாயைத் திறந்துகொண்டு. அவரை எழுப்பி மாட்டேன் என்று சொல்ல இரண்டு தடவை தோளைத் தொட்டாள், இரண்டு தடவையும் கையை எடுத்துக்கொண்டாள். மாட்டேன் என்றால் கத்தமாட்டார், கத்தினாலாவது தேவலை, பேச்சை நிறுத்திவிடுவார். வாரக்கணக்கில் காப்பி டம்ளரைத் தள்ளிவைப்பதிலும் கதவைச் சாத்துவதிலும் பேசுவார். அந்த மௌனத்துக்குப் பயந்து பயந்தே அவள் எத்தனையோ வானம் ஒட்டியிருக்கிறாள். லேப்டாப்பை லாட்ஜிலேயே திறந்துவைத்துவிட்டு வந்திருந்தார்கள். இறங்கிப் போனதும் உட்கார வேண்டியது, ஒட்ட வேண்டியது, தேதி மாற்ற வேண்டியது. அதற்காகத்தான் முதல் முதலாக அவளையும் மலைக்குக் கூட்டிவந்தார். "நீயும் ஒருக்கா விடியலைப் பாத்த மாதிரி இருக்கும்" என்று வேறு சொன்னார்.

விடியல் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. முதலில் கறுப்பு, பிறகு கறுப்பே கொஞ்சம் தளர்ந்து சாம்பல், சாம்பலில் எங்கோ ஒரு நீலம். எதிரே கூன்மலை என்கிற அந்தப் பெரிய மலை, படத்தில் எத்தனையோ தடவை முகத்தைத் துடைத்துவிட்ட மலை, இருட்டிலிருந்து மெல்லத் தோளைத் தூக்கியது. இத்தனை வருஷம் அவள் பள்ளத்தாக்கின் நிழலை நீலம் கலந்த கறுப்பாக வைத்திருந்தாள். அது தப்பு. நிழலுக்குள் பச்சை இருந்தது, ஈரமான, கெட்டியான பச்சை, தேயிலைக்குமேல் பஞ்சு மாதிரி பனி உட்கார்ந்திருந்தது, அதன் அடியில் எங்கோ தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் ஒரு பல்பு எரிந்தது. வானமும் தெரிந்தது, பல்பும் தெரிந்தது, இரண்டும் ஒரே நேரத்தில், கண்ணைச் சுருக்காமல். கண்ணுக்கு இது ஒரு வேலையே இல்லை. வலது கை ஆள்காட்டி விரல் ஃப்ளாஸ்க் மூடியின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். நிழலைத் தூக்கு, வானத்தை இறக்கு, கான்ட்ராஸ்டைக் கூட்டு, போதும், குறை. விரலை மடக்கிக்கொண்டாள். இங்கே எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். இதை முன்னமே ஒரு தடவை பார்த்திருந்தால் எத்தனை படங்களை வேறுமாதிரி செய்திருப்பாள்! கூட்டிவந்திருக்கலாமே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை. ஜீப்பில் இடம் இல்லாமலா, மனசில்தான் இல்லை. அந்தப் பக்கம் அவர் குரல் உயர்ந்தது. "நல்லாக் கேட்டுக்குங்க. மலையில விடியக்காலைல ரெண்டு உலகம். வானத்துக்கு அளவெடுத்தா பள்ளத்தாக்கு கறுத்துப்போகும். பள்ளத்தாக்குக்கு அளவெடுத்தா வானம் வெளுத்துப்போகும். கறுத்ததைத் தூக்கிரலாம், வெளுத்ததை ஒண்ணும் பண்ண முடியாது." கலாமணிக்குக் காது சுட்டது. ஒரு வார்த்தை மாறவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது, அப்படியே. கேட்காத மாதிரி இருந்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறார் பார், செய்வதற்கு இல்லை, சொல்வதற்கு. மில் மேனேஜர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அவருடைய நெற்றி விளக்கு ஆடியது. இப்போது தண்டபாணி பையிலிருந்து பாதி கறுத்த கண்ணாடி ஒன்றை எடுத்து, வானத்தின் பக்கம் கறுப்பு வருகிற மாதிரி லென்ஸுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். அவர் பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த கண்ணாடி. இன்றுதான் முதன்முதலாக உறையைவிட்டு வெளியே வந்திருக்கிறது, விலைச்சீட்டின் பசைகூட இன்னும் போகவில்லை. "இது இல்லாம நான் மலைக்கு வரவேமாட்டேனுங்க" என்றார்.

அடப்பாவி என்று அவள் வாய்விட்டே சொல்லியிருப்பாள், ஆனால் அந்த நேரத்தில் வானம் வெளுக்க ஆரம்பித்தது. வெளுத்தது இடது பக்கத்தில். கூன்மலையின் இடது தோளுக்கு அப்பால், ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள், அதன்மேல் ஆரஞ்சு. கலாமணி முதலில் அதை வெறுமனே பார்த்தாள். இடது பக்கம். பிறகு இடது கையையும் வலது கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், குழந்தை மாதிரி. இடது பக்கம்தான். சூரியன் இங்கே இடது பக்கம் வருகிறது. அவள் வானத்தை வலது பக்கம் அல்லவா சிவக்கவைத்திருந்தாள்? வலது பக்கம் மலை சரிகிற இடம் காலியாகக் கிடந்தது, சிவப்பு அங்கே உட்கார்ந்தால் பாந்தமாக இருந்தது, அதற்காக மொட்டை மாடி வானத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டாள். அவர் எடுத்த படத்தில் பாறையின் இடது முகத்தில் மெல்லிசாக ஒரு மஞ்சள் இருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏதோ அழுக்கு வெளிச்சம் என்று விட்டுவிட்டாள். பாறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, சூரியன் இந்தப் பக்கம் என்று. இந்த இடத்தில் கால் வைத்திராத பெண்பிள்ளைக்குக் கிழக்கு எங்கே என்று எப்படித் தெரியும்? அவமானம் சுரீரென்று பாதத்திலிருந்து ஏறியது. தொழிலில் அவளுக்குக் கர்வம் உண்டு, வெளியே சொல்லாத கர்வம், ஓரம் தெரியாமல் ஒட்டுவதில் இந்த ஜில்லாவில் தனக்கு நிகரில்லை என்று. இப்போது அது ஒரு நொடியில் கிழிந்தது. ஆனால் அவமானம் நிற்கவில்லை, அடுத்த நினைப்பு அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவளுக்குத் தெரியாது, சரி. அவருக்கு? அவர் இங்கே நின்றாரே. இடது கன்னத்தில் இந்த வெயிலை வாங்கிக்கொண்டு, ஜீப் உறும, இதே பாறைமேல் நின்ற ஆள்தானே. அந்தப் படம் வந்து நாலு வருஷம். ஹாலில் கதவளவுக்குப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறது, அதன் அடியில் உட்கார்ந்துதான் அவர் தினமும் தோசை சாப்பிடுகிறார், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விரலை நீட்டிக் காட்டுகிறார். மேடைமேல் திரையில் வீட்டளவுக்கு விரித்துக் காட்டியிருக்கிறார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கலா, சூரியன் அந்தப் பக்கம் இல்லையே என்று கேட்டாரா? பார்த்திருந்தால்தானே கேட்பார். மலையையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை, மூலையில் அவள் எழுதின பேரைத்தான் பார்த்திருக்கிறார். பாழாய்ப்போன அந்தப் பேரை. திருடுகிறவன்கூடத் திருடின நகையை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். இந்தாள் அவள் வேலையை எடுத்துக்கொண்டார், ஆனால் பார்க்கவே இல்லை. எடுத்துக்கொண்டதைவிட அதுதான் தாங்கவில்லை. எடுத்துக்கொள், உன் பேர் போட்டுக்கொள், ஆனால் பார், கண்ணைத் திறந்து பார், அவ்வளவு செய்யக்கூடாதா? இத்தனை வருஷம் தெரியாமலே அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று இப்போது தெரிந்துவிட்டதில் அழுகை முட்டியது. அழமாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். குளிரில் கண்ணீர் வந்தால் மூக்கும் ஒழுகும், கைக்குட்டையை லாட்ஜில் விட்டுவிட்டாள்.

"சார், ஒரு டவுட்டு." ஈரோட்டிலிருந்து வந்திருந்த பல் டாக்டர் ஷமீமா. ஸ்கார்ஃபுக்குமேல் குல்லாய் போட்டிருந்தார், கையில் போன், போனில் அந்தப் படம். "உங்க போட்டோல செவப்பு வலது பக்கம் இருக்குதுங்களே. இங்க லெஃப்ட்ல இல்ல விடியுது?" எல்லாரும் போனை எட்டிப் பார்த்தார்கள், அப்புறம் மலையைப் பார்த்தார்கள். தண்டபாணி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "நல்ல கேள்வி. சூரியன் மாசத்துக்கு மாசம் நகருமுங்க. அது அப்ப வேற சீசன்." ஷமீமா விடுவதாக இல்லை, தினமும் அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்து எந்தப் பக்கத்து நிழல் எது என்று பார்க்கிற பெண். "இல்லீங்க சார், பாறையில வெயிலு லெஃப்ட்ல விழுந்திருக்குது. வானம் ரைட்ல செவந்திருக்குது. ஒரே நேரத்துல ரெண்டும் எப்படிங்க வரும்?" குரலில் குத்தல் எதுவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பேங்க்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இப்போது தண்டபாணி முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், கலாமணி அவர் முகத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள், கண் வலதுக்கும் இடதுக்கும் போய் வந்தது. உண்மையைச் சொல்லப்போகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். பைத்தியக்காரி, இவ்வளவுக்கும் பிறகு நினைத்தாள். அவர் சிரித்தார். "ஓ, அதுங்களா. அது எடிட்டிங்ல வந்த கோளாறுங்க. நான் எடுத்துக் குடுக்கறதோட சரி. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் ஊட்லதான். அதா நிக்கறாங்களே, மேடம். அவங்க எதையோ அழகு பண்றேன்னு மாத்திப்போட்டாங்க போல. அவங்களுக்கு மலையெல்லாம் தெரியாது பாருங்க." எல்லாருடைய நெற்றி விளக்கும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பியது. கண் கூசியது. கல்யாணமான நாள் முதல் ஒரு மேடையிலும், ஒரு பேட்டியிலும், ஒரு படத்தின் மூலையிலும் வராத அவள் வேலை, இதோ வந்துவிட்டது, ஊர் அறிய, தப்பு செய்தவளாக. "மேடமா பண்றீங்க?" என்றார் ஷமீமா, ஆச்சரியத்தோடு. ஆமாம் என்று கலாமணி தலையை அசைத்தாள். "சரி சரி, வெளிச்சம் வருது, அவங்கவங்க கேமராவுக்குப் போங்க" என்று அவர் கை தட்டினார், விளக்குகள் அவளை விட்டுவிட்டுத் திரும்பிப் போயின.

அவள் போனை எடுத்தாள். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் மூலக்கோப்பை லேப்டாப்பிலிருந்து போனுக்கு மாற்றித் திறந்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தச் சுண்ணாம்பு வானத்தை, எதற்கு என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிந்தது. ஸ்டுடியோ மெயில் அவள் போனிலும் இருந்தது, அதில் போட்டிக்காரர்களின் மெயிலைத் திறந்து பதில் என்பதைத் தொட்டாள், கோப்பைச் சேர்த்தாள். கட்டைவிரல் மரத்திருந்ததால் எழுத்து தப்பித் தப்பி விழுந்தது, அழித்து அழித்து அடித்தாள். அனுப்பு என்று அழுத்தினால் நெட்வொர்க் இல்லை. பாறை விளிம்பில் கம்பித் தடுப்புப் போட்டிருந்த இடத்தில் மட்டும்தான் டவர் கிடைக்கும் போல, அங்கே நின்றவர்களின் போன்தான் விட்டு விட்டுச் சத்தம் போட்டது. தண்டபாணி கேமரா முக்காலியைப் போட்டிருந்ததும் அங்கேதான். கலாமணிக்கு உயரம் ஆகாது, வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரையே எட்டிப் பார்க்கமாட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, பனியும் ஆழமும்தான். போய்த்தான் ஆக வேண்டுமா, லாட்ஜுக்குப் போய் அனுப்பக்கூடாதா என்று மனசு பேரம் பேசியது. லாட்ஜுக்குப் போனால் அவர் கூடவே வருவார், கெஞ்சுவார், காப்பி வாங்கிக் கொடுப்பார், அவள் இளகுவாள், அவளை அவளுக்குத் தெரியும். நடந்தாள். கம்பி ஜில்லென்றது. அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரசுகிற நெருக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "வந்துட்டியா. இக்கட்டால, எம்பக்கமா நில்லு, அந்தக் கம்பி ஆடுது." முக்காலியின் ஒரு காலைத் தூக்கி அவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காத புள்ள. அந்தம்மா வாய அடைக்கச் சொன்னேன். உன்னைய யாரு என்ன சொல்லப்போறாங்க? மப்ளர் வேணுமா?"

"வேண்டாமுங்க."

போனில் ஒரு மெல்லிய நீலக்கோடு ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. கூன்மலையின் இடது தோளில் நெருப்புப் பொட்டு மாதிரி சூரியன் எட்டிப் பார்த்தது. பின்னால் கேமராக்கள் படபடவென்று அடித்தன. "பாத்தியா கலா, செவந்துச்சு பாரு" என்று அவர் பரபரப்பாகக் குனிந்தார். "இது போதும் நமக்கு. வானத்தத் திருப்பிப்போட்டு, தேதிய மாத்திட்டா முடிஞ்சுது." நீலக்கோடு ஓரத்தைத் தொட்டது. போய்விட்டது.

"அனுப்பிட்டேனுங்க."

"என்னது?"

"போட்டிக்காரங்களுக்கு. அன்னைக்கு நீங்க எடுத்த ஃபைலு. வெள்ள வானத்தோட. படத்துல இருக்கற செவப்பு நான் எடுத்தது, எங்க ஊட்டு மொட்டமாடில, சாயங்காலம், ஒட்டுனதும் நான்தான்னு எழுதியிருக்கறேன். திருப்பிப் போட்டது நான் பண்ணுன தப்புன்னும் எழுதியிருக்கறேன். என்ற சொந்தப் பேரைப் போட்டு."

அவர் நிமிர்ந்தார். கண்ணைக் கொட்டாமல் அவளைப் பார்த்தார். கத்த வாய் திறந்தது; பின்னால் அத்தனை பேர் நிற்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டது. "ஏண்டி..." என்றார், காற்றாகத்தான் வந்தது. கோபம் தீர்ந்துவிடும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள், தீரவில்லை, ஆனால் அது இப்போது முழுசாக அவர் பக்கம் திரும்பி நின்றது, அவளைக் கடிக்கவில்லை.

"சார், வானம் பூராவும் வெளுத்துப்போச்சு, இப்ப என்ன பண்றது?" என்று மில் மேனேஜர் கூப்பிட்டார். "சார், சீக்கிரம் சொல்லுங்க, வெளிச்சம் போயிரும்" என்றது இன்னொரு குரல். தண்டபாணி பதில் சொல்லத் திரும்பினார். கேமராவைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு இத்தனை வருஷப் பழக்கத்தில், தன்னை அறியாமல், கலாமணியின் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சூரியனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.